சுவரைச் சன்னலாக்கும் கணக்கு

பொறியியல் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "விஆர் (கணினி காட்டும் மெய்நிகர் உலகம்) என்றால் தலையில் பெட்டியை மாட்டிக்கொள்வது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு அறையே விஆர் ஆகும் என்கிறார்களே, எப்படி? பல்கலைக்கழகத்தில் இருக்கும் அந்த அறையால் வண்டி செய்யும் கம்பெனிக்கு என்ன லாபம்?"

அந்த அறைக்குப் பெயர் கேவ், அதாவது குகை. சிகாகோவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கரோலினா குரூஸ்-நெய்ரா, டேனியல் சாண்டின், தாமஸ் டிஃபான்டி மூவரும் உருவாக்கினார்கள். 1992இல் அதே ஊரில் நடந்த சிக்கிராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் காட்டினார்கள். பத்தடிக்குப் பத்தடி அறை. மூன்று சுவர்களும் திரைகள். அவற்றுக்குப் பின்னாலிருந்தும், தரைக்கு மேலிருந்தும் புரொஜெக்டர் ஒளி விழும். இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம் என்று மாற்றி மாற்றித் திறந்து மூடும் கண்ணாடி. 3டி சினிமா பார்த்தவர்களுக்கு இதுவரை புதிதாக ஒன்றுமில்லை.

ஆனால் தியேட்டரில் நீங்கள் எவ்வளவுதான் தலையைச் சாய்த்தாலும் நாயகனுக்குப் பின்னால் இருப்பது தெரியாது. இங்கே தெரியும்!

வீட்டுச் சன்னல் அருகே ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நின்று, வெளியே தெரியும் வேப்பமரத்தின் உருவத்தைக் கண்ணாடிமேல் பேனாவால் வரைந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும், கோடு ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம். ஒவ்வொரு அசைவுக்கும் பழைய கோட்டை அழித்துப் புதிதாக வரைய வேண்டும். கேவின் கணினி செய்வது அதைத்தான், இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக. கண்ணிலிருந்து பொருளுக்கு ஒரு நேர்கோடு; அது சுவரை வெட்டும் இடத்தில் ஒரு புள்ளி. பத்தாம் வகுப்பு வடிவொத்த முக்கோணம், அவ்வளவே. சுவர் 2 மீட்டர் தள்ளி, பொருள் அதற்கும் 2 மீட்டர் அப்பால் என்றால், தலை 10 செ.மீ. நகர்ந்ததும் புள்ளி 5 செ.மீ. நகர வேண்டும். பொருள் சுவருக்கு இந்தப் பக்கம், உங்களிடமிருந்து 1 மீட்டரில் இருந்தால்? புள்ளி எதிர்த்திசையில் 10 செ.மீ. ஓட வேண்டும். அது அப்படி ஓடுவதால்தான் வெறும் காற்றில் ஒரு நாற்காலி நிற்கிறது என்று மூளை நம்புகிறது.

இரண்டு சுவர்களில் நீளும் ஒரு கம்பி, மூலையில் உடைந்த கோடாகத்தான் வரையப்பட்டிருக்கும். உங்கள் கண் இருக்கும் இடத்திலிருந்து மட்டும் அது நேர்கோடு. மூலையே காணாமல் போய்விடும்.

தலை எங்கே இருக்கிறது என்பதைக் காந்தப்புலத்தை வைத்துக் கண்டுபிடித்தார்கள். பக்கத்தில் சாதாரண இரும்பு இருந்தால் அளவு கோணிவிடும் என்பதால், திரைகளைத் தாங்கும் சட்டத்தைக் காந்தம் ஒட்டாத எவர்சில்வரில் செய்தார்கள்.

சரி, வண்டிக் கம்பெனிக்கு வருவோம். திருவள்ளூரில் ஆலை வைத்திருக்கும் கேட்டர்பில்லரின் தலைமையகம் அப்போது இல்லினாய் மாநிலத்திலேயே இருந்தது. மண் அள்ளும் வண்டியில் பெரிய கேள்வி, ஓட்டுபவருக்குப் பக்கெட்டின் விளிம்பு தெரிகிறதா என்பது. மாதிரி வண்டியைக் கட்டிய பிறகு 'தெரியவில்லை' என்றால் செலவு எகிறும். 1990களில் அதே மாநிலத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் பல்கலைக்கழக வளாகத்து கேவில் நிஜமான இருக்கையையும் ஸ்டியரிங்கையும் வைத்தார்கள். பக்கெட்டும் மண்குவியலும் ஒளி. கேபின் தூண் மறைத்தால் ஓட்டுநர் தலையைச் சாய்த்து எட்டிப் பார்ப்பார் அல்லவா? அந்தச் சாய்வைத்தான் இந்த அறை கணக்கில் எடுக்கிறது. காகித வரைபடம் எடுக்காது.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி, சாண்டின் அடிப்படையில் ஒரு கலைஞர். மண் அள்ளும் வண்டிக்காக யாரும் இதைத் தொடங்கவில்லை. ஆய்வு நிதிக்கு விண்ணப்பித்ததும் 'உடனடிப் பயன் என்ன?' என்று கேட்கும் நம் குழுக்களிடம் இது என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்தால் சிரிப்புதான் வருகிறது.

ஒரு குறை உண்டு. தலை அளக்கப்படுபவர் ஒருவர்தான். பக்கத்தில் நிற்கும் மேலாளருக்கு அதே பக்கெட் கோணலாகத் தெரியும். ஆளுக்கொரு அறை கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. இல்லினாயையும் ஜெர்மனியின் ஜிஎம்டி ஆய்வு நிறுவனத்தையும் வலையால் இணைத்துப் பார்த்தபோது, ஒரே வண்டியை அட்லாண்டிக்கின் இரு கரையிலிருந்தும் பார்த்துப் பேச முடிந்தது. இரண்டு பக்கமும் பக்கெட் நேராகவே இருந்தது.