பெயிண்டைச் சுரண்டிவிட்டு என்னிடம் வராதீர்கள்

மறுபடியும் அதே கதை. அமெரிக்கக் கிராமப்புறத்தில் ஒருவர் நிலம் வாங்கியிருக்கிறார். அதில் இருந்த பழைய கொட்டகையைப் பிரித்தபோது உள்ளே முழுசாக ஒரு மர ரயில் பெட்டி. மகிழ்ச்சியில் மணல் பீய்ச்சும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, வெளிப்புறத்தை வெறும் மரமாக்கிவிட்டுப் படம் அனுப்பியிருக்கிறார். 'இது எந்த ரயில்வேயின் பெட்டி?' என்று கேட்கிறார். அதற்கான பதிலைத்தான் அவர் பீய்ச்சி எறிந்துவிட்டார்.

பழைய ரயில் பெட்டிகளைச் செப்பனிடும் தச்சுத் தொழிலில் இருப்பவன் நான். இந்தப் பெட்டிகள் வயலுக்கு வந்த காரணம் எளிது. 1910-இல் ஹட்சன் ஆற்றுக்கு அடியில் பென்சில்வேனியா ரயில்வேயின் சுரங்கப்பாதை திறந்தபோது, தீக்குப் பயந்து அதற்குள் எஃகுப் பெட்டிகளையே ஓட்டினார்கள். மற்ற நிறுவனங்களும் மெல்ல மெல்ல எஃகுக்கு மாறின. பழைய மரப் பெட்டிகளில் பலவற்றைச் சக்கரத் தொகுதிகளைக் கழற்றிக்கொண்டு வெறும் உடலாக விற்றார்கள். அவை வீடாயின, உணவகமாயின, கோழிக் கூண்டாகவும் ஆயின.

'அழுக்கையும் பெயிண்டையும் எடுத்தால்தானே அசல் தெரியும்' என்ற எண்ணம்தான் இத்தனை நாசத்துக்கும் வேர். தயவுசெய்து இதைக் காது கொடுத்துக் கேளுங்கள்: அந்தப் பெயிண்ட்தான் அசல். ஜன்னல்களுக்கு மேல், கூரைக்குக் கீழ், பெட்டியின் நீளத்துக்கு ஒரு பலகை ஓடும். ரயில்வேயின் பெயரை அதில்தான் எழுதுவார்கள், பெரும்பாலும் மெல்லிய தங்க ரேக்கில். பின்னால் வந்தவர்கள் அதன்மேல் எத்தனை முறை பெயிண்ட் அடித்திருந்தாலும் எழுத்தின் விளிம்பு மெல்லிய மேடாக நிற்கும். பெயிண்ட் உதிர்ந்துபோன இடத்தில்கூட, எழுத்துக்கு அடியில் இருந்த மரம் வெயிலில் அரிபடாமல் சற்று உயர்ந்திருக்கும். இருட்டிய பிறகு டார்ச் விளக்கைப் பலகையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் எழுத்துகள் நிழலாக எழுந்து வரும். இதற்கு இயந்திரமும் வேண்டாம், ரசாயனமும் வேண்டாம்.

நிறங்களும் பேசும். ரயில்வேக்கள் இணைந்தபோது பெயரும் எண்ணும் மாறின. ஒவ்வொரு மாற்றமும் ஓர் அடுக்காகத் தங்கியிருக்கிறது. பென்சில்வேனியாவின் செங்கருஞ்சிவப்பு ஒரு தடயம். நாடெங்கும் பரவிய கரும்பச்சையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அடுக்குகளை வரிசையாகப் படிக்க, மறைவான மூலையில் ஒரு நாணயம் அளவு இடம் போதும். அதையும் பழகிய கைதான், பழைய பெயிண்டில் இருக்கக்கூடிய ஈயம் தூசியாகப் பறக்காதபடி நனைத்துத் தேய்க்க வேண்டும்.

இன்னொன்று. எல்லா மரப் பெட்டியும், தூங்கும் பெட்டிகளுக்குப் பெயர்பெற்ற புல்மன் நிறுவனத்தின் பெட்டி அல்ல. டேட்டன் நகரின் பார்னி அண்டு ஸ்மித், வில்மிங்டனின் ஜாக்சன் அண்டு ஷார்ப் என்று நல்ல பெட்டிகள் செய்தவர்கள் பலர். புல்மனும் தன் தூங்கும் பெட்டிகளைத் தவிர, மற்ற ரயில்வேக்களுக்குச் சாதாரணப் பெட்டிகள் கட்டித் தந்தது. ஆகவே புல்மன் என்ற பெயரை விட்டுவிட்டு அளவை எடுங்கள். உடலின் நீளம், அகலம், ஜன்னல்களின் எண்ணிக்கை, இடைவெளி, கூரையின் வடிவம் இவையே அடையாளம். அகலம் சுமார் 8 அடிதான் என்றால் தண்டவாளங்களின் இடைவெளி 3 அடியே உள்ள குறும்பாதையின் பெட்டியோ என்று பாருங்கள். கதவு, ஜன்னல் சட்டம், பலகைகளின் பின்புறம் ஆகியவற்றில் பென்சிலிலோ முத்திரையிலோ பெட்டி எண் இருக்கக்கூடும். பட்டறையில் கழற்றிய பாகம் அதே பெட்டிக்குத் திரும்பிச் சேர வேண்டுமே! அதனால் கழன்று கிடக்கும் எந்தத் துண்டையும் எரிக்காதீர்கள். சக்கரங்கள் இருந்தால் அவற்றின் அச்சுப்பெட்டி மூடியில் உள்ள எழுத்துகளை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள்; சக்கரத் தொகுதிகள் பெட்டி விட்டுப் பெட்டி மாறியவை. உண்மையிலேயே புல்மன் என்று தெரிந்தால் சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் அந்த நிறுவனத்தின் ஆவணங்கள் இருக்கின்றன.

தூக்குவதைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். இந்தப் பெட்டி ஒரு பாலம். இரு முனைகளுக்கு அருகே சக்கரத் தொகுதிகள் தாங்கின. நடுவில் தொய்யாமல் அடியில் ஓடிய இரும்பு இழுகம்பிகள் இழுத்துப் பிடித்தன. தரையில் இறக்கியபோது அந்தக் கம்பிகளையும் வெட்டியிருப்பார்கள், மண் தொட்ட அடிச்சட்டங்களும் உளுத்திருக்கும். நடுவில் கயிறு போட்டுக் கிரேனால் தூக்கினால் முதுகு முறியும். முழு நீளத்துக்கும் எஃகு உத்திரங்களை அடியில் செலுத்தி, முழு வீடுகளை நகர்த்திப் பழகியவர்களைக் கொண்டுதான் எடுக்க வேண்டும்.

பிளாஸ்டிக் தார்ப்பாயை உடலோடு ஒட்டிக் கட்டாதீர்கள். உள்ளே வியர்த்து, வெளியே கிடந்ததைவிட விரைவில் அழுகும். மேலே தனியாக ஒரு கூரை போடுங்கள், பக்கங்களில் காற்று ஓடட்டும். மண்ணையும் செடிகளையும் அடிச்சட்டத்திலிருந்து விலக்குங்கள். எலிப் புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காதீர்கள், அமெரிக்காவில் அதிலிருந்து ஹாண்டா வைரஸ் தொற்றக்கூடும். கிருமிநாசினியால் நனைத்து, கையுறையும் முகக்கவசமும் அணிந்து அள்ளுங்கள். குழாய்களைச் சுற்றிய பழைய உறையில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதைச் சோதித்த பிறகே தொடுங்கள். குழந்தைகளை உள்ளே விளையாட விடாதீர்கள்.

அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விஸ்கான்சினின் மிட்-காண்டினென்ட் ரயில்வே அருங்காட்சியகம் போல மரப் பெட்டிகளைப் பேணும் இடங்கள் உண்டு. ஆனாலும் எந்த அருங்காட்சியகத்திலும் கூரைக்கு அடியில் இருக்கும் இடம் அளவானது. லாரியில் ஏற்றிய பிறகு கேட்காதீர்கள். பெட்டி கிடந்த இடத்திலேயே, கிடந்த நிலையிலேயே படம் எடுத்து, அளவுகளோடு முதலில் எழுதுங்கள். பதில் வரும்வரை கூரையை மட்டும் காத்து வையுங்கள்.