ஸ்டால்: நிற்பது எது, சுற்றுவது எது?

"ஸ்டால் டெஸ்ட் என்றால் என்ன?" என்று தேர்வில் கேட்டிருந்தேன். தண்டையார்பேட்டையிலிருந்து வரும் ஒரு மாணவர், "எத்தனை ஆர்பிஎம்மில் இன்ஜின் ஆஃப் ஆகிறது என்று பார்ப்பது" என்று எழுதியிருந்தார். தவறான பதில்தான். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. ஆனால் மதிப்பெண்ணைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சொல்லைப் பிரித்துச் சொல்லித் தராதது என் குறை.

நமக்கு ஸ்டால் என்றால் டீ ஸ்டால், புக் ஸ்டால், தீவுத்திடல் பொருட்காட்சி ஸ்டால். கிளட்சைச் சட்டென்று விட்டு வண்டி நின்றுபோனால் ராயபுரத்தில் யாரும் "ஸ்டால் ஆயிடுச்சு" என்று சொல்வதில்லை. "ஆஃப் ஆயிடுச்சு" என்றுதான் சொல்வார்கள். அதனால் இந்தச் சொல் ஒர்க்‌ஷாப்பில் காதில் விழும்போது, பிடித்துக்கொள்ள நம்மிடம் எதுவும் இருப்பதில்லை.

டீக்கடையும் கியர்பாக்ஸ் சோதனையும் ஒரே சொல்லிலிருந்து வந்தவைதான். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு 'நிற்கும் இடம்' என்று பொருள். முக்கியமாக மாடும் குதிரையும் கட்டுகிற இடம். ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் 'ஷ்டால்' என்றால் தொழுவம். வியாபாரி நின்று விற்கும் இடத்துக்கும் அதே பெயர் வந்தது. அப்புறம் அது வினையானது: வண்டி சேற்றில் சிக்கி நகராமல் நிற்பது. அங்கிருந்து இன்ஜினுக்கும், தூக்குவிசையை இழக்கும் விமான இறக்கைக்கும் போனது.

இதற்கு நேரான சொல் நம்மிடம் உண்டு. நில் என்பதிலிருந்து வந்த நிலை. திருவொற்றியூரில் மாசித் திருவிழாவின்போது தேர் வீதி சுற்றி வந்து சேர்ந்ததும் "தேர் நிலைக்கு வந்துடுச்சு" என்கிறோமே, அந்த நிலை. ஆனால் 'நிலை வேகம்' என்று எழுதினால் சீரான வேகம் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். வேறு சொல்தான் வேண்டும். அதற்குமுன் சோதனையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

போன மாதம் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் செடான் பட்டறைக்கு வந்தது. மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் அலறுகிறது, வண்டி ஏறவில்லை. வேறொரு இடத்தில் கியர்பாக்ஸை முழுசாக மாற்றச் சொல்லிவிட்டார்களாம். முதலில் ஆயில் அளவைப் பார்த்தோம், சரியாக இருந்தது. இன்ஜினையும் ஆயிலையும் நன்றாகச் சூடேற விட்டோம். நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டோம். இடது காலால் பிரேக்கை முழுசாக மிதித்து, கியரை முன்னோக்கி ஓட்டும் டி-யில் போட்டு, வலது காலால் ஆக்ஸிலேட்டரைத் தரைவரை அழுத்தினார் மெக்கானிக். வண்டி மூக்கைத் தூக்கி நடுங்கியது. இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) என்று காட்டும் மீட்டர் முள் 3100-ல் போய் நின்றது. "போதும்ணா, கால எடுங்க" என்று பக்கத்தில் இருந்த பையன் கத்தினான். ஐந்து விநாடிதான் கணக்கு. சக்கரம் சுற்றாததால் இன்ஜினின் அத்தனை சக்தியும் ஆயிலில் சூடாக இறங்குகிறது. அதற்கு மேல் பிடித்தால் கியர்பாக்ஸ் வெந்துவிடும். நியூட்ரலில் போட்டு ஒன்றிரண்டு நிமிடம் ஆறவிட்டு, ரிவர்ஸில் பார்த்தோம். 2350.

அந்த மாடலுக்குக் கையேடு சொல்வது 2200 முதல் 2500 வரை. ரிவர்ஸ் சரி, டி அதிகம். இரண்டுக்கும் பம்ப் ஒன்று, ஆயில் ஒன்று, இன்ஜின் சுற்றை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரும் ஒன்று. அவை கெட்டிருந்தால் ரிவர்ஸிலும் காட்டியிருக்கும். ஆகவே முன்கியருக்கு மட்டும் பிடிக்கும் கிளட்ச்தான் வழுக்கி, இன்ஜினை அளவுக்கு மேல் சுற்றவிடுகிறது. இறக்கிப் பிரித்தபோது அந்தக் கிளட்ச் தகடுகள் கருகி, தீய்ந்த வாடை அடித்தது. மற்றவை நன்றாகவே இருந்தன.

இரண்டிலும் அதிகமாக இருந்தால் ஆயில் அழுத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டிலும் குறைவு என்றால் இன்ஜினுக்கே வலு இல்லை, அல்லது கன்வர்ட்டருக்குள் ஆயிலின் போக்கைத் திருப்பிவிடும் ஸ்டேட்டர் பிடிக்கவில்லை. ஸ்டேட்டர் என்ற சொல்லும் 'நில்' என்று பொருள்தரும் லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். அதை ஒரே திசையில் மட்டும் சுற்றவிடும் ஒருவழிக் கிளட்ச் வழுக்கி, நிற்க வேண்டிய அது நிற்காமல் போனால், கிளம்பும்போது இழுவை இருக்காது. வேகம் பிடித்தபின் ஓரளவு சரியாகிவிடும்.

இப்போது சொல்லுக்கு வருவோம். கன்வர்ட்டரில் இன்ஜினோடு சுற்றும் இம்பெல்லர் ஆயிலை வீசுகிறது, எதிரே உள்ள டர்பைன் அதை வாங்கிச் சுற்றுகிறது. ஜெர்மன் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-ல் இதற்குக் காப்புரிமை கேட்டது காருக்காக அல்ல, கப்பலுக்காக. துறைமுகத்தை ஒட்டி வாழும் எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கண் விரிகிறது. சோதனையின்போது இன்ஜின் நிற்பதே இல்லை, டர்பைன்தான் நிற்கிறது. அது நிற்கும்போது இன்ஜின் எட்டக்கூடிய உச்சச் சுற்றுதான் ஸ்டால் ஸ்பீடு. அந்த மாணவர் தடுமாறியது இங்கேதான்.

மதகை மூடினால் ஏரித் தண்ணீர் என்ன செய்யுமோ அதுதான் இங்கே நடக்கிறது: வரத்து இருக்கிறது, போக்கு இல்லை. தண்ணீர் தானாக நின்றால் தேங்குகிறது, நாம் நிறுத்தினால் தேக்குகிறோம். ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. தமிழ் தன்வினை, பிறவினை என்று பிரித்துவிடுகிறது. பிரேக்கை மிதித்து நாமே தேக்குவதால் நான் 'தேக்கச் சோதனை' என்கிறேன். ஸ்டால் ஸ்பீடு 'தேக்கச் சுழல்வேகம்'. 'தேக்குச் சோதனை' வேண்டாம், மரக்கடை ஞாபகம் வரும். 'நின்றுபோதல் சோதனை' வேண்டவே வேண்டாம். அது இன்ஜின் ஆஃப் ஆவதையே சொல்கிறது.

'ஆட்டோமேட்டிக்' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். இப்போது நம் தெருக்களில் ஓடும் சின்னக் கார்களில் பல ஏஎம்டி. அதில் சாதாரண கிளட்ச் தகடும் கியர்பாக்ஸும்தான், கிளட்சை மிதிப்பதும் கியர் மாற்றுவதும் மட்டும் இயந்திரத்தின் வேலை. டார்க் கன்வர்ட்டரே இல்லாததால் தேக்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை. வலிந்து செய்தால் கிளட்ச்தான் வேகும். இரட்டைக் கிளட்ச் வண்டியிலும் இதைச் செய்யக் கூடாது. டார்க் கன்வர்ட்டர் உள்ள புதிய கார்களிலும் பிரேக் மிதித்திருக்கும்போது கணினியே ஆர்பிஎம்மைக் கட்டுப்படுத்திவிடுவது உண்டு. அங்கே முள் தாழ்வாக நின்றதை வைத்து இன்ஜினைப் பிரித்துவிடாதீர்கள்.