ஹெபடைடிஸ் பி: இலவச மாத்திரை வாங்கும்போது மருந்து எதிர்ப்பு பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தை மத்திய அரசு 2018 ஜூலை 28 அன்று தொடங்கியது. கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைடிஸ் பி நாள்பட்டு உள்ளவர்களுக்குப் பரிசோதனையும் மாத்திரையும் இதில் இலவசம். மாவட்டங்களில் சிகிச்சை மையங்கள் இருக்கின்றன. சிக்கலான நோயாளிகளை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடங்களுக்கு அனுப்புவார்கள். ரத்தத்தில் வைரஸ் இருக்கும் எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. கல்லீரலின் நிலையையும் வைரஸ் அளவையும் பார்த்துத்தான் தொடங்குவார்கள்.

தொடங்கினால் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் தருவார்கள். முன்பு லாமிவுடின்தான் பரவலாகக் கொடுக்கப்பட்டது. அதைத் தனியாகச் சாப்பிட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டிலேயே வைரஸ் உருமாறி மருந்து வேலை செய்யாமல் போனது; இதைத்தான் மருந்து எதிர்ப்பு என்கிறார்கள். ஐந்து ஆண்டுகளில் இது 70 சதவீதம் வரை போனது. முதன்முறையாக என்டெகாவிர் எடுப்பவர்களில் ஐந்து ஆண்டுகளில் சுமார் 1 சதவீதம் பேருக்குத்தான் எதிர்ப்பு வருகிறது. டெனோஃபோவிரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் அதற்கு எதிர்ப்பு தென்படவே இல்லை.

ஆனால் முன்பே லாமிவுடின் சாப்பிட்டு எதிர்ப்பு வந்தவர் என்றால் கணக்கே வேறு. அவர்கள் என்டெகாவிருக்கு மாறினால் ஐந்து ஆண்டுகளில் பாதிப் பேருக்கு அதுவும் பலிக்காமல் போகிறது. அவர்களுக்கு டெனோஃபோவிர்தான் சரி. அதனால் மையத்துக்குப் போகும்போது பழைய மருந்துச் சீட்டுகளை எல்லாம் கொண்டுபோங்கள். சீட்டு இல்லையா, மாத்திரையின் பெயரையாவது சொல்லுங்கள். தனியார் மருத்துவரிடம் பார்த்ததைச் சொல்லக் கூச்சப்படவே வேண்டாம்.

எச்ஐவி பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள், மறுக்காதீர்கள். இரண்டும் இருக்கும் ஒருவர் ஹெபடைடிஸ் மாத்திரையை மட்டும் சாப்பிட்டால் எச்ஐவி வைரஸ் அந்த மருந்துக்கு எதிர்ப்பு பெற்றுவிடலாம். அவர்களுக்கு, எச்ஐவிக்குச் சிகிச்சை தரும் ஏஆர்டி மையத்தில் கூட்டு மருந்து உண்டு.

அப்புறம், குறைந்திருந்த வைரஸ் அளவு மறுபடி ஏறினால் மருத்துவர் முதலில் கேட்பது, "மாத்திரை விட்டுப்போனதா?" என்றுதான். பலருக்கு அதுதான் காரணமாகவும் இருக்கும். உண்மையைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தேவையில்லாமல் மருந்தை மாற்ற நேரிடும்.

உடம்பு நன்றாக இருக்கிறது என்றோ, நாட்டு மருந்து போதும் என்றோ நீங்களாக நிறுத்தாதீர்கள். அடங்கியிருந்த வைரஸ் திடீரெனப் பெருகிக் கல்லீரலே செயலிழக்கலாம்; உயிர் போனதும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு இது பல ஆண்டுகள் நீளும் சிகிச்சை. வேலைக்காக வெளியூர் போவதாக இருந்தால், கையில் மாத்திரை தீரும் முன்பே மையத்தில் சொல்லி ஏற்பாடு கேளுங்கள்.