கலவை என்னவென்று தெரியாமல் உரம் வைக்காதீர்கள்

போன மாதம் வேலூர் காந்தி நகரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியை. கூடத்தில், ஜன்னலிலிருந்து நாலடி தள்ளி ஒரு பீஸ் லில்லி. இலை நுனியெல்லாம் கருகிக் கிடந்தது. "வேளா வேளைக்குத் தண்ணி ஊத்தறேன், உரம் வைக்கிறேன். இதுக்கு மேல என்ன சார் பண்றது?" என்று கேட்டார். தொட்டியின் மேல்பரப்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பழைய செய்தித்தாளை விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தேன்.

வெளிப்பக்கம் முழுக்கக் கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள். பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அதற்கு நடுவே தேங்காய் அளவில் ஒரு களிமண் உருண்டை, உடைத்துப் பார்த்தால் உள்ளே செங்கல் மாதிரி காய்ந்திருந்தது. செடியோடு நர்சரியிலிருந்து வந்த மண் அது. ஆந்திராவில் கடியம் பக்கமிருந்து வரும் செடிகள் பெரும்பாலும் இப்படி ஒட்டுமண்ணோடுதான் வரும். லாரியில் குலுங்கினாலும் வேர் அசையாமல் இருக்க அது வசதி. அந்த உருண்டையைக் கரைக்காமல் அப்படியே கோகோபீட்டுக்குள் இறக்கிவிட்டார்கள். ஊற்றிய தண்ணீரெல்லாம் உருண்டையைச் சுற்றிக்கொண்டு ஓடிவிட்டது. நடுவேருக்குத் தாகம், ஓரத்து வேருக்கு வெள்ளம். ஓரத்தில் இருந்த ஒரு வேரைப் பிடித்து உருவினேன். பழுப்புத் தோல் கையோடு வந்துவிட்டது, உள்ளே நூல் மட்டும் நின்றது. வேர் அழுகல்.

என்ன உரம் என்று கேட்டேன். குடியாத்தம் பக்கம் அவர்களுக்கு நிலம் இருக்கிறது. அங்கே வாங்கிய டி.ஏ.பி.யில் மாதம் ஒரு ஸ்பூன். தண்ணீர்? ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீரை வாளியில் பிடித்து வைத்து, வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றியிருக்கிறார். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் என்னிடம் இருந்தது, அதை அந்த வாளியில் வைத்தேன். 1,600-ஐத் தாண்டியது.

அவர் அக்கறை இல்லாமல் எதையும் செய்யவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் கலவை, உரம், தண்ணீர் மூன்றும் தொட்டிக்குள் ஒன்றாகத்தான் வேலை செய்கின்றன. ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டையும் மாற்றியாக வேண்டும். எங்கள் நர்சரிக்கு வருகிறவர்கள் "நல்ல உரமா ஒண்ணு குடுங்க" என்று கேட்கும்போது நான் முதலில் கேட்பது, "தொட்டியில் என்ன போட்டிருக்கீங்க?" என்பதுதான். பாதிப் பேருக்குத் தெரிவதில்லை.

வயலில் போடும் டி.ஏ.பி.யில் 18 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), 46 சதவீதம் மணிச்சத்து (பாஸ்பரஸ்). நிலத்தில் அடியுரமாகப் போட்டால் மண் அதை வாங்கிக்கொள்ளும், மழை பெய்தால் மிச்சம் கீழே இறங்கும், வேரும் விலகிப் போக இடமிருக்கும். எட்டு அங்குலத் தொட்டியில் இருப்பது சுமார் 4 லிட்டர் கலவை. அதில் விழுந்த குருணை போக வழியில்லை. வேர் அதோடுதான் கிடந்தாக வேண்டும். வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு என்பதால் செடி வளர்வதே மெதுவாகத்தான், அது கேட்கும் உரமும் கொஞ்சம்தான். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு வைக்கிற கணக்கை மணி பிளான்ட்டுக்கு வைக்கக் கூடாது.

கோகோபீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்று எல்லார் வீட்டிலும் இருப்பது அதுதான். அது தேங்காய் நார் பிரித்த பிறகு விழும் தூள். தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும், எடை குறைவு, ஆனால் உணவு என்று பார்த்தால் ஏறக்குறைய வெறும் வயிறு. இன்னொரு குணமும் அதற்கு உண்டு. பொட்டாசியத்தையும் சோடியத்தையும் தன்னோடு வைத்துக்கொண்டு வரும். நாம் கால்சியம், மெக்னீசியம் கொடுத்தால் அதைத் தான் பிடித்துக்கொண்டு இவற்றை வெளியே விடும். வெறும் தண்ணீரில் அலசினால் மேலோட்டமான உப்புதான் போகும். அதனால் நாங்கள் 650 கிராம் கட்டி ஒன்றுக்கு 15 கிராம் கால்சியம் நைட்ரேட்டை 4 லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஓரிரவு ஊறவிட்டு, காலையில் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிப் பிழிகிறோம். ஒரு முறை 'கழுவியது' என்று அச்சிட்ட கட்டிகளை நம்பி அப்படியே பயன்படுத்தினேன். இரண்டே வாரத்தில் ஸ்பைடர் பிளான்ட் அத்தனையும் நுனி கருகின. அதிலிருந்து எந்தக் கட்டி வந்தாலும் ஊறவைத்த நீரை மீட்டரில் பார்க்காமல் விடுவதில்லை.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த தவறு ஒன்று. ஓர் அலுவலக வரவேற்பறையில் முப்பது தொட்டி, எல்லாமே வெறும் கோகோபீட். ஒரு வருடம் முழுக்க 19:19:19 மட்டும் கொடுத்தேன், கேன் தண்ணீரில் கரைத்து. தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் 19 சதவீதம் வீதம் இருக்கும் உரம் அது. முதலில் பச்சைப் பசேலென்று வந்தன. அப்புறம் புது இலைகள் சுருண்டு, விளிம்பு கிழிந்து வர ஆரம்பித்தன. பூச்சி என்று நினைத்து மருந்து தெளித்தேன். பூச்சி எதுவும் இல்லை. 19:19:19-இல் கால்சியமும் இல்லை, மெக்னீசியமும் இல்லை. கேன் தண்ணீரிலும் அவை மிகக் குறைவு. வெறும் வயிற்றுக் கலவைக்கு அரைச் சாப்பாடு போட்டிருக்கிறேன். அந்தச் செடிகள் என் கையில் ஒரு வருடம் பட்டினி கிடந்ததை நினைத்தால் இன்றும் வருத்தம்தான்.

கோகோபீட் கலவை வைத்திருப்பவர்கள் 19:19:19-ஐ லிட்டருக்கு 1 கிராம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை கொடுத்தால் போதும். இடையில் ஒரு முறை கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு அரை கிராம், இன்னொரு முறை எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) அரை கிராம். இவற்றை ஒரே பாட்டிலில் கலந்து வைக்காதீர்கள். கால்சியம் நைட்ரேட் கெட்டியான கரைசலில் எப்சம் உப்போடு சேர்ந்தால் ஜிப்சமாகி அடியில் படிந்துவிடும், 19:19:19-இல் உள்ள மணிச்சத்தோடு சேர்ந்தாலும் படியும். செடிக்கு எதுவும் போய்ச் சேராது.

நான் வீட்டுக்குள் வைக்கும் இலைச்செடிகளுக்குப் போடும் கலவை, பாதி கோகோபீட், கால்பங்கு பெர்லைட் (எடையே இல்லாத வெள்ளைக் குருணை) அல்லது உமிக்கரி, கால்பங்கு மண்புழு உரம். உமிக்கரி ரைஸ் மில் பக்கம் மலிவாகக் கிடைக்கும், தூள் இல்லாமல் சலித்துக் கழுவிக்கொள்ள வேண்டும். ஸ்நேக் பிளான்ட், இசட்.இசட். பிளான்ட் இரண்டுக்கும் கோகோபீட்டைக் கால்பங்காகக் குறைத்து, 6 மில்லிமீட்டர் சிப்ஸ் ஜல்லியும் பெருமணல் அளவு எம்-சாண்டும் சேர்க்கிறேன். எம்-சாண்டில் மாவு போன்ற துகள் இருக்கும், தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். பூச்சு வேலைக்கு வாங்கும் நைஸ் மணல் வேண்டவே வேண்டாம். தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பினால் தண்ணீர் வடியும் என்று பலர் நம்புகிறார்கள். வடியாது, ஜல்லிக்கு மேலே ஈரம் தேங்கி நிற்கும், அவ்வளவுதான். ஜல்லியைக் கலவையோடு கலந்தால்தான் பலன்.

கடலைப் புண்ணாக்கு ஊறல் மாடித் தோட்டத்துக்கு அருமையான உரம். கூடத்தில் வேண்டாம். நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டாலும், ஈரத்தில் குட்டிக் கருப்பு ஈக்கள் முட்டையிட்டு, அதன் புழு இளவேரைத் தின்னும்.

மண்ணே இல்லாமல் லெக்கா என்னும் சுட்ட களிமண் உருண்டைகளில் வளர்ப்பவர்களுக்குக் கணக்கே வேறு. அதில் சத்தும் இல்லை, சத்தைப் பிடித்து வைக்கும் குணமும் இல்லை. 19:19:19-இன் தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா. அதை மாற்றிக் கொடுக்க நுண்ணுயிர் வேண்டும், லெக்கா தண்ணீரில் அது போதுமான அளவு இருக்காது. அதனால் மண்ணில்லாமல் வளர்ப்பதற்கென்றே வரும் ஹைட்ரோபோனிக் உரம்தான், நுண்சத்து சேர்ந்தது. 'ஏ', 'பி' என்று அதை இரண்டு பாட்டிலாகத் தருவதும், முன்பு சொன்னதுபோல் ஒன்றோடொன்று சேர்ந்து அடியில் படிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

சரி, தண்ணீருக்கு வருவோம். நம்ம ஊர் போர் தண்ணீர் கடினம் என்பது பக்கெட்டில் படியும் வெள்ளைக் கறையைப் பார்த்தாலே தெரியும். அதில் கால்சியம் இருக்கிறது, நல்லதுதான். கூடவே பைகார்பனேட்டும் இருக்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கலவையைக் கார நிலைக்குக் கொண்டுபோகும். அப்போது இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இதற்கு மேலும் மேலும் 19:19:19 கொடுத்துப் பயனில்லை. இரும்புச்சத்து உரம் வாங்கினால் ஈ.டி.டி.ஹெச்.ஏ. (EDDHA) வகை வாங்குங்கள், ஈ.டி.டி.ஏ. (EDTA) வகை கார நிலையில் தாங்காது. பழைய இலையில் நரம்புக்கு நடுவே மஞ்சள் என்றால் பெரும்பாலும் மெக்னீசியம் குறைவு, அங்கே எப்சம் உப்பு.

காவிரி கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் அந்தத் தண்ணீரே போதும். மற்றவர்கள் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து, போர் தண்ணீரோடு சரிபாதி கலந்து ஊற்றலாம். ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் மழைத் தண்ணீர் பிடித்து மூடி வையுங்கள். ஆர்.ஓ. கழிவு நீரில் வீடு துடையுங்கள், செடிக்கு ஊற்றாதீர்கள். மெஷின் உங்களுக்காகப் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தொட்டியைக் குளியலறைக்குத் தூக்கிப் போய், நல்ல தண்ணீரைத் தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு ஊற்றி வடியவிடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் உரத்தை நிறுத்திவிடுங்கள். 40 டிகிரி வெயிலில் செடி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும், அப்போது உரம் வைத்தால் வேர்தான் வெந்துபோகும்.

அந்த ஆசிரியையின் பீஸ் லில்லியை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து, களிமண்ணைக் கரைத்து, அழுகிய வேர்களை நறுக்கிவிட்டு, சின்னத் தொட்டியில் புதுக் கலவையில் வைத்தேன். ஒன்றரை மாதத்துக்கு உரமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். போன வாரம் போட்டோ அனுப்பியிருந்தார், நடுவில் ஒரு குருத்து எழும்பியிருந்தது.

நீங்கள் உரம் கேட்டு எந்த நர்சரிக்குப் போனாலும், கிளம்பும் முன் வீட்டுச் செடியின் கலவையைத் தோண்டி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அரை லிட்டர் பாட்டிலில் வீட்டில் ஊற்றும் தண்ணீரையும் கொண்டு போங்கள். மீட்டரில் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும்.