படுக்கைப் புண்ணுக்குப் படுக்கைதான் காரணமா?

'கிளினிக்' என்ற சொல்லின் வேர் 'கிளினே'. கிரேக்கத்தில் படுக்கை என்று பொருள். படுத்த படுக்கையாக இருப்பவரைத் தேடிப்போய்ப் பார்க்கும் வைத்தியருக்கு 'கிளினிக்கோஸ்' என்று பெயர். இன்று நோயாளிதான் கிளினிக்கைத் தேடிப் போகிறார். இப்படிப் பொருள் மாறினால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் படுக்கைப் புண் விஷயத்தில் பெயரே ஆளைக் கெடுக்கிறது.

இதை மருத்துவத்தில் வெகுகாலம் 'டெகுபிட்டஸ் அல்சர்' என்றார்கள். படுத்துக் கிடப்பதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த பெயர். அப்புறம் 'பிரஷர் அல்சர்', அதாவது அழுத்தப் புண் என்று ஆனது. 2016-இல் இந்தப் புண்ணுக்கென்றே உள்ள அமெரிக்காவின் தேசிய ஆலோசனைக் குழு 'அல்சரை' எடுத்துவிட்டு 'பிரஷர் இன்ஜுரி', அதாவது அழுத்தக் காயம் என்று மாற்றியது. முதல் நிலையில் தோல் உடைந்திருக்காது. அதைப் புண் என்பது பொருந்தாது என்பது ஒரு காரணம்.

செவிலியராக எனக்கு இந்த மாற்றம் பெரிய விஷயம். "முதுகில் புண் இருக்கிறதா?" என்று கேட்டால், வீட்டார் "இல்லை, லேசாகச் சிவந்திருக்கிறது, அவ்வளவுதான்" என்பார்கள். அந்தச் சிவப்பை விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுக்காமல் அப்படியே நின்றால் காயம் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, வலியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்யவே கூடாது. உள்ளே நைந்துபோன திசு இன்னும் கெடும்.

பெயரில் உள்ள 'படுக்கை'யும் திசை திருப்புகிறது. எலும்புக்கும் ஏதோ ஒரு பரப்புக்கும் நடுவே தசை நசுங்கி, ரத்த ஓட்டம் தடைபடுவதுதான் மூலகாரணம். வீல்சேரிலேயே உட்கார்ந்திருப்பவருக்கும் வரும். ஆக்சிஜன் குழாய் அழுத்தும் காது மடலிலும் வரும். படுக்கைதான் குற்றவாளி என்று நம்பி ஏர் பெட் வாங்கிப் போட்டுவிட்டு, புரட்டிப் படுக்க வைப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஏர் பெட் உதவும்தான், ஆனால் புரட்டுகிற வேலையை அது செய்யாது. சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது வழக்கம்; தோலின் நிலையைப் பார்த்து இந்த இடைவெளி கூடும், குறையும். முழுக்க ஒருக்களித்துப் படுத்தால் எடை இடுப்பெலும்பில் இறங்கும், அதனால் முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை மட்டும் வேண்டாம். அதன் விளிம்பே ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.