ஒரு மணிக்கு ஓர் ஆள்: இங்கிலாந்தின் தேவாலய மணிகள் ஒலிக்கும் விதம்

இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயக் கோபுரத்திலிருந்து வரும் மணியோசையை முதன்முறையாகக் கேட்பவர், அதில் மெட்டு எதுவும் இல்லாததைக் கண்டு வியப்பார். உயர்ந்த சுரத்தில் தொடங்கித் தாழ்ந்த சுரம் வரை படிப்படியாக இறங்கும் ஓசை, சற்று நேரத்தில் அந்த வரிசையைக் கலைத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் வேறோர் ஒழுங்கில் ஒலித்து, இறுதியில் தொடங்கிய வரிசைக்கே வந்து சேரும். மெட்டு ஏன் இல்லை என்பதற்கான விடை மணியின் எடையில் இருக்கிறது. அந்த எடைதான், ஊரார் பலர் கூடாமல் இக்கலை நடக்கவே முடியாது என்ற நிலையையும் உண்டாக்கியிருக்கிறது.

இவ்வகை மணி ஒரு கனத்த குறுக்குக்கட்டையில் இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும்; கட்டையின் ஒரு பக்கத்தில் பெரிய சக்கரம் ஒன்று பொருத்தப்பட்டு, அதன் விளிம்பைச் சுற்றிய கயிறு தளங்களின் துளைகள் வழியே கீழேயுள்ள அறைக்கு இறங்கும். ஒலிக்கத் தொடங்குமுன் மணியைச் சிறிது சிறிதாக ஆட்டி உயர்த்தி, அதன் வாய் வானத்தைப் பார்க்கும்படி தலைகீழாக நிறுத்தி வைக்கின்றனர். கயிற்றை இழுத்ததும் மணி சமநிலையிலிருந்து நழுவிக் கீழே பாய்ந்து, ஏறத்தாழ முழு வட்டம் சுற்றி மறுபுறம் மீண்டும் தலைகீழாக வந்து நிற்கும். அந்தச் சுற்றில் அதன் நாக்கு ஒரே ஒரு முறை மணியைத் தட்டும். அடுத்த இழுப்பில் மணி வந்த வழியே திரும்பிச் சுற்றி இன்னொரு முறை ஒலிக்கும்.

கீழே நிற்பவரின் கைகளில் இது எப்படி நிகழ்கிறது என்பதை அருகில் நின்று பார்க்க வேண்டும். கயிற்றின் நடுவே வண்ணக் கம்பளி நூலால் தடித்த ஒரு பிடி உண்டு. அதைச் சாலி என்பர். முதல் இழுப்பில் சாலியைப் பற்றி இழுத்து விட்டுவிட்டால், அது கூரையை நோக்கி விரைந்து எழும். கயிற்றின் நுனி மட்டும் கையில் இருக்க, இரு கரங்களும் தலைக்கு மேலே நீண்டுவிடும். இரண்டாம் இழுப்பு அந்த நுனியில் நிகழ்கிறது. கீழே வந்து மீண்டும் எழத் தொடங்கும் சாலியை, அது முகத்துக்கு நேரே கடக்கும் கணத்தில் பற்ற வேண்டும். முந்திப் பிடித்தாலும் பிந்திப் பிடித்தாலும் மணியின் போக்குக் கெட்டுவிடும்.

கடிகார ஊசல் சிறிய வீச்சில் ஆடும்போது, வீச்சு கூடினாலும் குறைந்தாலும் அலைவு நேரம் அநேகமாக மாறுவதில்லை என்று பள்ளியில் படித்திருப்போம். வீச்சு பெரிதாகும்போது இந்த விதி பொருந்தாது. தலைகீழ் நிலையை நெருங்க நெருங்க ஊசலின் வேகம் தேய்ந்து, உச்சியில் அது நிற்கிறதா நகர்கிறதா என்று சொல்ல முடியாதபடி தயங்கும். மணியடிப்பவர் பயன்படுத்திக்கொள்வது இந்தத் தயக்கத்தைத்தான். சற்றே கூடுதலாக உயரவிட்டால் மணி உச்சியில் தங்கித் தாமதமாக ஒலிக்கும். உயருமுன் கயிற்றைத் தடுத்துத் திருப்பினால் முந்தி ஒலிக்கும். அரை டன் மணியையும் சமநிலைப் புள்ளியில் மெல்லிய இழுவிசையால் பிடித்து நிறுத்தலாம் என்பதால், இதற்கு உடல்வலிமையைவிட நேரவுணர்வே தேவைப்படுகிறது. ஆனால் கீழே பாயத் தொடங்கிவிட்ட மணியை எவராலும் நிறுத்த இயலாது. அளவுக்கு மீறி இழுத்துவிட்டால், மணியைத் தாங்கி நிறுத்தும் மரக்கட்டை முறிந்துவிடும். பெரும்பாலும் ஆஷ் மரத்தாலான அந்தக் கட்டை, பெருஞ்சேதத்தைத் தவிர்ப்பதற்காகவே முறியும்படி அமைக்கப்பட்டது. அப்போது கயிற்றை உடனே விட்டுவிட வேண்டும் என்பதும் தொடக்கநிலைப் பாடங்களுள் ஒன்று.

ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 விநாடி எடுத்துக்கொள்ளும் மணியைக் கொண்டு, நினைத்த நேரத்தில் நினைத்த சுரத்தை எழுப்பி மெட்டு வாசிக்க முடியாது. வரிசையில் ஓர் இடம் முந்தலாம், ஓர் இடம் பிந்தலாம், அல்லது இருந்த இடத்திலேயே இருக்கலாம். மணியின் நிலைமம் அனுமதிப்பது அவ்வளவுதான். மிக உயர்ந்த சுரமுள்ள மணிக்கு 1 எனத் தொடங்கி எண்ணிட்டால், 123456 என்ற வரிசை 214365 ஆகவும், பின் 241635 ஆகவும் மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் அடுத்தடுத்த மணிகள் மட்டுமே இடம் மாறிக்கொள்வதைக் காணலாம். எந்த வரிசையையும் இருமுறை ஒலிக்காமல் எல்லா வரிசைமாற்றங்களையும் முடிப்பது எப்படி என்ற கேள்வியை ஆங்கிலேய மணியடிப்போர் 17ஆம் நூற்றாண்டிலேயே எழுப்பிவிட்டனர். அவர்களுள் ஒருவரான ஃபேபியன் ஸ்டெட்மன் 1677இல் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். இடமாற்றங்களையும் சமச்சீரையும் ஆராயும், குலக் கோட்பாடு என்று கணிதம் பிற்காலத்தில் பெயரிட்ட துறையின் சில கருத்துகள், அந்தப் பெயர் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே கோபுர அறைகளில் கயிற்றின் வழியே நடைமுறையில் இருந்தன என்பது எனக்கு இன்றும் பெரும் வியப்பைத் தருகிறது.

ஆறு மணிகளுக்கு 720 வரிசைகள். ஏழுக்கு 5,040, அதாவது ஏறக்குறைய மூன்று மணி நேர வேலை. எட்டு மணிகளுக்கு உரிய 40,320 வரிசைகளையும் 1963இல் இங்கிலாந்தின் லஃப்பரோ மணிவார்ப்பகத்தில் எட்டுப் பேர் இடைநில்லாமல் 17 மணி நேரம் 58 நிமிடத்தில் ஒலித்து முடித்தனர். பன்னிரண்டு மணிகள் என்றால், வரிசைக்கு 2 விநாடி என்று கணக்கிட்டாலும் 30 ஆண்டுகளுக்கு மேலாகும்.

மணியின் ஒலியைப் பற்றியும் ஒரு சொல். செம்பு முக்கால் பங்குக்குச் சற்று மேலும் மீதி வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலத்தில் வார்க்கப்படும் மணி, தட்டியவுடன் பல சுரங்களை ஒருசேர எழுப்புகிறது. நாம் மணியின் சுரம் என்று கேட்பதை ஷட்ஜமாகக் கொண்டால், ஒரு ஸ்தாயி கீழே ஒரு முனகலும், மேலே சாதாரண காந்தாரம் எனப்படும் தாழ்ந்த காந்தாரமும் பஞ்சமமும் மேல் ஷட்ஜமும் உடன் ஒலிக்கும். மணியோசையில் ஒரு துயரச் சாயல் இருப்பதற்கு அந்தக் காந்தாரமே முதன்மைக் காரணம் எனலாம். நம் காதில் விழும் அந்த முதன்மைச் சுரமோ, மேற்சுரங்களின் விகிதத்தைக் கொண்டு செவியே பெரும்பாலும் உருவாக்கிக்கொள்வது.

இனி ஆட்களின் கதைக்கு வருவோம். இங்கிலாந்தில் இவ்வாறு முழு வட்டம் சுற்றும் மணித்தொகுதிகள் உள்ள கோபுரங்கள் ஐயாயிரத்துக்கும் மேல். ஒருவர் இரண்டு கனத்த மணிகளை ஒருங்கே கையாளுவது மிக அரிது என்பதால், எட்டு மணிகளுக்கு எட்டுப் பேர் வேண்டும். மூவர் வராவிட்டால் மூன்று மணிகள் மௌனம்தான். முதல் உலகப்போரில் சுமார் 1,400 மணியடிப்போர் உயிரிழந்தனர் என்று கணக்கிடப்பட்டது. போர் முடிந்த நூற்றாண்டு நிறைவான 2018 நவம்பர் 11க்குள் அதே எண்ணிக்கையில் புதியவர்களைச் சேர்க்கும் இயக்கம் நடந்து, இலக்கையும் கடந்தது. 2023இல் மன்னர் சார்லஸின் முடிசூட்டு விழாவையொட்டியும் இத்தகைய அழைப்பு விடுக்கப்பட்டது.

பெரிய நாள்கள் ஆட்களைக் கூட்டிவரும். அவர்களைத் தங்கவைப்பது கோபுரத்தின் அன்றாட நடைமுறைதான். இதில் முதல் தடை, மணிகள் எவர் கண்ணுக்கும் படாமல் உயரத்தில் இருப்பது. ஆகவே மணியறையில் ஒரு கேமரா வைத்து, மணிகள் சுற்றும் காட்சியைக் கீழே திரையில் காட்டுவது மிகப் பயனுள்ள வழி. கயிற்றின் அசைவுக்கும் மேலே புரளும் உலோகத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்ணால் கண்டவர், தானும் இழுத்துப் பார்க்க விரும்புவார். வண்டியில் ஏற்றிச் செல்லும்படி சிறிய மணிகளைக் கொண்டு செய்த தொகுதிகளும் உண்டு. அவற்றைச் சந்தைத் திடலிலோ பள்ளி மைதானத்திலோ நிறுத்தினால், கோபுரப் படி ஏற இயலாதவரும் கயிற்றைப் பிடித்துப் பார்க்கலாம். இறைநம்பிக்கை உடையவர்தாம் வரவேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலான கோபுரங்களில் இல்லை என்பதை அழைப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்; பலர் அதை அறியாமல் வாசலோடு நின்றுவிடுகின்றனர்.

அண்டை வீட்டாரின் காதும் இதில் ஒரு பங்காளி. புதியவர் ஒருவர் ஒரே மணியை மணிக்கணக்கில் தடுமாறித் தட்டினால் தெருவே சலித்துப்போகும். அதற்கு மாற்றாக மணியின் நாக்கைக் கட்டிவைத்து, மணி சுற்றுவதை உணரும் கருவியைப் பொருத்தி, கணினி வழியே அறைக்குள் மட்டும் ஓசை எழச் செய்கின்றனர். வெளியே ஒலி கசியாமல் தடுக்கும் கதவுகளும் கோபுரச் சாளரங்களில் அமைக்கப்படுகின்றன. நீண்ட நேரம் ஒலிக்கப்போகும் நாளை முன்கூட்டியே தெருவுக்கு அறிவித்துவிட்டால், முறையீடு செய்ய வந்திருக்கக்கூடியவரே அன்று ஏணியேறிப் பார்க்க வரக்கூடும்.

புதியவருக்கு ஆசிரியர் எதிரே நின்று, முதலில் நுனி இழுப்பை மட்டும் விட்டுக்கொடுத்து, சாலியைத் தாமே பிடித்துக்கொள்வார்; பின்னர் புதியவருக்குச் சாலி மட்டும், அதன்பின் இரண்டும். சில வாரங்களில் ஒரு மணியைத் தனியே கையாளப் பழகிவிடலாம். ஆனால் 123456 என்று வரிசையாக ஒலிக்கும் அந்த முதல் மாலைக்கு, தம் பயிற்சியை ஒதுக்கிவைத்துவிட்டு, புதியவரின் தடுமாற்றத்துக்கு ஏற்பத் தத்தம் மணிகளை உச்சியில் சற்றே தாமதிக்கவைத்துக் காத்து நிற்கும் இன்னும் ஐந்து பேர் அறைக்குள் இருந்தாக வேண்டும்.