ஒரு மீட்டரில் மூன்று வீடு

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பல வருடமாக வயரிங் வேலை செய்கிறேன். லயத்துக்குள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குள், கால் வைத்ததும் கரண்டு பில்லை நீட்டுவார்கள். "தம்பி, ரெண்டு பல்பும் ஒரு டீவியுந்தான் இருக்கு. எப்படி இவ்வளவு வருது?"

போன மாதம் ஓர் அக்காவும் இதையே கேட்டார். மீட்டரிலிருந்து போகும் வயரைப் பின்தொடர்ந்தேன். பக்கத்துக் காம்பிராக்கள் (லயத்து வீடுகள்) இரண்டுக்கும் அங்கிருந்துதான் கரண்டு. ஒன்றில் கல்யாணம் முடித்த மகன், மற்றதில் தங்கச்சி. பில்லை மூன்றாகப் பங்கு போட்டுக் கட்டுகிறார்கள். அரசாங்கச் சலுகை கைநழுவிப் போவது இங்கேதான்.

கரண்டுக்கென்று தனியாக யாரும் பணம் தருவதில்லை. அரசாங்கம் தரும் அஸ்வெசும கொடுப்பனவு கூட வீட்டுச் செலவு எல்லாவற்றுக்குமான உதவிதான். குறைவாகப் பாவிக்கும் வீட்டுக்கான சலுகை பில்லுக்குள்ளேயே இருக்கிறது. 2025 ஜூனில் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அனுமதித்த கட்டணத்தைப் பாருங்கள். அப்போது மாதம் 30 யூனிட்டுக்குள் நின்றால் யூனிட்டுக்கு 4.50 ரூபா, நிலையான கட்டணம் 80. 30 யூனிட்டுக்கு வரி இல்லாமல் மொத்தம் 215 ரூபா. மூன்று வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் என்றால் 645.

அதே 90 யூனிட்டும் ஒரே மீட்டரில் ஓடினால்? 60ஐத் தாண்டியதும் முதல் 60 யூனிட்டுக்கும் விலை 12.75 ஆகிவிடும். மீதி 30க்கு 18.50, நிலையான கட்டணம் 400. கூட்டினால் 1,720 ரூபா. கொழுந்து பறித்துப் பிழைக்கும் குடும்பங்கள் அந்தக் கணக்குப்படி மாதாமாதம் ஆயிரத்துக்கு மேல் சும்மா கட்டுகின்றன. எனக்கு இது தாங்கவில்லை.

பணத்தை விட எனக்குப் பெரிய பயம் அந்த வயர்தான். மெல்லிய வயரைக் கூரை மரத்தோடு ஆணியடித்து இழுத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் மரம் ஊறிக் கிடக்கும். மூன்று வீட்டுக் கேத்தலும் ஒரே நேரத்தில் கொதித்தால் வயர் சூடேறி உருகும். ஒரு காம்பிராவில் பற்றினால் லயமே எரியும். தனி மீட்டர் வரும்வரை கேத்தல், அயன் இரண்டையும் அந்த வயரில் போடவே வேண்டாம்.

தனி இணைப்புக்கு உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வீடு தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் நிர்வாகத்தின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள், அலைச்சல் உண்டு. ஆரம்பச் செலவும் இருக்கிறது. ஆனாலும் மேலே உள்ள கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அக்காவின் மகனுக்கும் தங்கச்சிக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். இப்போது தோட்டத்து மனேஜர் துரையின் கடிதத்துக்குக் காத்திருக்கிறார்கள்.